கலைந்த கன்னம்

கலிலோம்பே கையை எடுத்தபோது அந்தப் பெண்ணின் கன்னமும் கையோடு வந்துவிட்டது.

பின்வரிசையில் இருந்த ஒரு மலைப் படத்தைக் கிட்டத்தில் பார்க்கத்தான் மேசைமேல் குனிந்தார். முன்வரிசைப் படத்தின்மேல் கோட்டுக் கை படிந்ததை அவர் உணரவே இல்லை.

பாஸ்டல் குச்சியால் தீட்டிய நிறம் வெறும் தூள்தான். ஊதினால்கூடக் கொஞ்சம் பறக்கும். ஓவியப் போட்டிக்கு வரும் படங்களைக் கண்ணாடி போடாமல் தர வேண்டும் என்று விதி எழுதியவரும் தலைமை நடுவரான அவரே.

பதினேழாம் எண். மூங்கில் தட்டியில் உசிப்பா மீனைப் பரப்பிக் காயவைக்கும் ஒரு பெண். காலை வெயில் நேராக அவள் முகத்தில் விழவில்லை. பொடி மீன்களின் வெள்ளியில் பட்டு, கீழிருந்து கன்னத்தில் ஏறியிருந்தது.

கலிலோம்பே முப்பது வருடம் கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். அப்படி ஒரு வெளிச்சம் அவருக்கு ஒருநாளும் கைகூடியதில்லை. பார்த்த நிமிடமே முதல் பரிசு இதற்குத்தான் என்று மனத்துக்குள் எழுதிவிட்டார்.

அந்த வெளிச்சம் இப்போது அவருடைய கோட்டுக் கையில் ஒட்டியிருந்தது.

விரல் நுனியால் சரிசெய்யப் பார்த்தார். கன்னம் சேறாகிவிட்டது.

ஹாலின் மறுகோடியிலிருந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்த கோண்ட்வே அம்மாள் பதினேழின் முன்னால் நின்றார். இந்த வருடம்தான் முதல்முறையாக அவரும் ஒரு நடுவர். கலிலோம்பேயின் பழைய மாணவி.

"அடேயப்பா, என்னமா போட்டிருக்காங்க! கன்னத்துல போய் இப்படிக் கெடுத்து வச்சிருக்காங்களே... கொண்டு வரும்போது எங்கயாவது உரசிருச்சா சார்?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அந்த அம்மாள் சிரித்திருப்பார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் அந்தச் சிரிப்பு மாலைக்குள் சோம்பா ஊர் முழுக்கப் பரவியிருக்கும். கிழவருக்குக் கண் மங்கிவிட்டது, இளையவர் யாரையாவது தலைமை நடுவராகப் போடலாம் என்று கமிட்டியில் ஏற்கெனவே பேச்சு இருந்தது.

"அப்படித்தான் இருக்கும்" என்றார் கலிலோம்பே.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம்.

"பாஸ்டல் படத்தை எப்படிக் கட்டிக் கொண்டுவரணும்னுகூட இவங்களுக்குத் தெரியல."

கோண்ட்வே அம்மாள் உச்சுக் கொட்டிவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். முதல் பரிசும், அதோடு நைரோபியில் ஒரு வருடப் படிப்பும் அந்த மலைப் படத்துக்குப் போயின. பதினேழுக்குப் பாராட்டுப் பத்திரம், கொண்டுவரும்போது கன்னம் உரசிவிட்டது என்ற குறிப்போடு.

விழா முடிந்ததும் எல்லோரும் வராந்தாவில் மந்தாசிப் பணியாரமும் ஃபாண்டாவுமாக நின்றார்கள். கலிலோம்பே கோட்டைக் கழற்றி, உட்புறம் வெளியே வரும்படி மடித்துக் கையில் போட்டிருந்தார். புழுக்கம் தாங்கவில்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கழுத்துவரை பித்தான் போட்ட ஒருவன் படத்தை ஏந்திக்கொண்டு வந்தான். இத்ரிசா மதோலா, மங்கோச்சியில் சைக்கிள் ரிப்பேர் பார்ப்பவன். பதினேழாம் எண் அவன்தான்.

சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தார். வந்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

அவன் தரையைப் பார்த்துப் பேசினான்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல கட்டும்போது சுத்தமாத்தான் இருந்துச்சு. மினிபஸ்ல இவதான் மடியில வச்சிட்டு வந்தா. கட்டைப் பிரிக்காமலே இங்க குடுத்துட்டோம். தூங்காத, தூங்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேங்க."

அவனுக்குப் பின்னால் நின்றவளை யார் என்று கலிலோம்பே கேட்கவில்லை. அந்தக் கன்னம் அவருக்குத் தெரியும். அழுது அழுது வீங்கியிருந்தது.

அவள் முன்னால் வந்து முழங்காலிட்டாள். அந்த ஊர்ப் பெண்கள் பெரியவர்கள் முன் அப்படித்தான் பேசுவார்கள். ஆனாலும் அவர் ஓரடி பின்வாங்கினார்.

"எப்பன்னு தெரியலைங்கய்யா. கண்ண மூடவே இல்லன்னுதான் நினைச்சேன். லிவோண்டே பாலத்துகிட்ட ரொம்ப நேரம் வண்டி நின்னுச்சு, அங்க அசந்திருப்பேன் போல. அப்போ என் கைதான் பட்டிருக்கும். அடுத்த வருஷம் அவரு படத்த வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க."

படாத கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கைக் கோடுகளில் ஒரு துளி நிறம் இல்லை. இருந்தும் நம்பிவிட்டிருந்தாள்.

கோண்ட்வே அம்மாள் பக்கத்திலேயே நின்று அவளைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுகூடச் சொல்லலாம். கலிலோம்பே வாயைத் திறந்தார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"பரவாயில்லம்மா" என்றார். "தெரியாம நடந்தது. எழுந்திரு."

அவள் அந்த ஊர் வழக்கப்படி இரண்டு கைகளையும் மெல்லத் தட்டி நன்றி சொன்னாள். இத்ரிசாவின் முகமும் அப்போதுதான் தளர்ந்தது.

"ஐயாவே மன்னிச்சுட்டாரு. வா" என்றான் மனைவியிடம்.

படத்தை அவன் எடுத்துக்கொண்டான். அவள் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, படத்திலிருந்து நாலடி தள்ளியே நடந்து போனாள்.