ஏழாவது டப்பா

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வார அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு மதியம் அந்தச் சமையலறையில் இருந்தவர்கள்: அக்கா தோருன், காலையில் படகில் வந்திறங்கிய தங்கை விக்டிஸ், எண்பத்திரண்டு வயது அப்பா ஹால்வர். கதவோரம் அப்பாவின் பழைய தோல் பெட்டி, வாரைப் போட்டு இறுக்கித் தயாராக நின்றது.

அதைப் பார்த்ததும் விக்டிஸுக்கு முகம் மலர்ந்தது. "ஒருவழியா மனசு வந்துச்சாக்கா? முதியோர் இல்லத்துல போன மாசமே இடம் கேட்டு வெச்சிட்டேன். அவர் போனதும் வீட்டை வித்துடலாம்."

தோருன் வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு ஊதா மெழுகுவத்திகளில் முதலாவதை ஏற்றினாள்.

விக்டிஸ் அலமாரியில் வகைக்கு ஒன்றாக இருந்த பிஸ்கட் டப்பாக்களை விரல் விட்டு எண்ணினாள். வருஷா வருஷம் எண்ணுவாள். கிறிஸ்துமஸுக்கு ஏழு வகை பிஸ்கட் சுடாத வீட்டை அந்த ஊரில் யாரும் வீடாக மதிப்பதில்லை.

"ஆறுதான் இருக்கு! வீட்டோட பதினோரு வருஷமா இருக்கே, ஏழு சுட முடியலையா? ஒரு கிழவரைப் பாத்துக்கறது அப்படியொரு வேலையா? நானா இருந்தா பதினாலு சுட்டிருப்பேன்."

"ஊர் பூரா இதையேதான் சொல்லிட்டுத் திரியறியாம். அத்தை சொன்னாங்க."

"உண்மையத்தானே சொன்னேன்!"

"மெதுவாப் பேசு. அப்பா இருக்காரு."

"இருந்தா என்ன? டமாரச் செவிடு. நான் யாருன்னே பாதி நாள் அவருக்குத் தெரியாது."

ஹால்வர் ஜன்னலோர நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வானொலி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இரவு பனி கொட்டும் என்று அது சொன்னபோது, அவர் திரும்பி வெளியே விறகு அடுக்கைப் பார்த்தார்.

"ஏழாவதுக்கு மாவு, வெண்ணெய், ஏலக்காய் எல்லாம் மேசை மேல இருக்கு" என்றாள் தோருன். "மாத்திரை நேரம் கதவுல ஒட்டியிருக்கேன். ராத்திரி ரெண்டு தடவை எழுப்பி விடணும்."

"இல்லத்துல எழுப்பி விடுவாங்க. அது எதுக்கு இப்போ?"

கீழே துறையில் படகு ஊதியது. அன்றைக்கு ஊரை விட்டுப் போகும் கடைசிப் படகு அதுதான்.

"சரி, கிளம்பலாம்" என்றாள் விக்டிஸ். "அப்பாவுக்குக் கோட்டை மாட்டி விடவா?"

"அவருக்கு எதுக்குக் கோட்டு?" தோருன் தன் கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். "பெட்டிதான் அவரோடது. உள்ளே இருக்கிறது என் துணி. கேனரித் தீவுல ஆறு வாரம். வெயில்ல படுத்துக் கிடக்கப் போறேன்."

"கிறிஸ்துமஸுக்கு இருபது பேரைக் கூப்பிட்டு வெச்சிருக்கேனே!"

"நீதானே கூப்பிட்டே? பதினாலு வகை சுட்டுப் போடு."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். விக்டிஸ் கோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு கதவை நோக்கி ஓடினாள். அதற்குள் ஹால்வர் கைத்தடியை ஊன்றி வந்து, பெரிய மகளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்பா! சாவி! சாவியைக் குடுங்க! படகு போயிடும்!" விக்டிஸ் அவர் காதருகே அலறினாள்.

"கத்தாதே விக்டிஸ். அவளுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்ததே நான்தான். நீ மாவைப் பிசை."