த்ருக் என்ற சொல்

முதுகுத் தையல் விட்டுப்போன ருஷ்ய அகராதி, நூலக அலமாரியில் பல வருடமாகப் படுத்தே கிடந்தது. ஒருநாள் நூலகர் ஒரு பல்கேரிய அகராதியைக் கொண்டுவந்து சுவரோரமாக வைத்து, இரண்டையும் சேர்த்து நிமிர்த்திவிட்டுப் போனார்.

பேச்சுத்துணை கிடைத்ததில் ருஷ்ய அகராதிக்குத் தலைகால் புரியவில்லை. தனக்கு ரொம்பப் பிடித்த சொல்லையே முதலில் எடுத்து நீட்டியது.

“த்ருக்! எங்க ஊர்ல நண்பன்னு அர்த்தம்.”

“அந்தச் சொல் எங்ககிட்டயும் இருக்கு அண்ணே. ஆனா வேறொருத்தன்னு அர்த்தம்.”

ருஷ்ய அகராதிக்குச் சுருக்கென்றது. “நண்பனைப் போய் வேத்தாளா ஆக்கிட்டீங்களா?”

“ஆதியில கூட வர்றவனைத்தான் ரெண்டு ஊர்லயும் அப்படிக் கூப்பிட்டாங்களாம். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம்.”

“கதை அளக்காதே. எனக்கு யார் துணையும் வேண்டாம். பார், தனியாத்தான் நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

மறுவாரம் ஒரு மாணவி பல்கேரிய அகராதியை உருவி எடுத்துப் போனாள். அடுத்த நொடியே ருஷ்ய அகராதி தொப்பென்று விழுந்தது. தாள்கள் மடங்கி, பதினைந்து நாள் அப்படியே கிடந்தது.

திரும்பி வந்த பல்கேரிய அகராதியோடு சேர்த்து நூலகர் அதை மறுபடி நிமிர்த்தினார். பல்கேரிய அகராதி ஒன்றும் கேட்காமல் தோள் கொடுத்தது.

அதன்மேல் சாய்ந்துகொண்டு ருஷ்ய அகராதி மெல்லச் சொன்னது: “உங்க ஊர் அர்த்தத்துலயே என்னை த்ருக்னு கூப்பிட்டுக்கோ. தள்ளி மட்டும் நிக்காதே.”