நீலம் அடங்கும் முன்

கரி அள்ளும் இரும்புக் கரண்டியால்தான் அடித்தான்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதோரம். ஜிபார் தடுமாறினாள், அடுப்பின் மேல் விழுந்துவிடக் கூடாது என்பது மட்டும் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

"ஆகாசத்துக்குக் குளிருதுன்னு சூடு காட்டறியாடி?" என்றான் அவள் கணவன் மெதர். "லாரிக்காரன் கால்ல விழுந்து நான் கரி வாங்கிட்டு வரேன். மகாராணி அதைப் புகைபோக்கி வழியா மேல அனுப்பி வைக்கிறாங்க."

"நீலம் இன்னும் அடங்கலைங்க. அடங்கினதும் மூடிடறேன்."

புகைபோக்கியின் கழுத்தில் ஒரு தகடு இருந்தது. கரி தணலானதும் அதைத் தள்ளி மூடினால் சூடு வீட்டோடு தங்கும். தணலின் மேல் நீல நாக்குகள் ஆடும்வரை மூடக் கூடாது. மூடினால் வாசனையே இல்லாத நஞ்சு அறையை நிறைக்கும், தூங்குகிறவர்கள் எழுவதில்லை. நாரின் என்னும் அந்த ஆற்றோரத்தில் இது தெரியாத வீடு கிடையாது. மெதருக்கும் தெரியும். குடித்தால் மறந்துபோகும்.

மின்சாரம் காலையிலேயே போயிருந்தது. அணையில் தண்ணீர் குறைவாம். மூலையில் நின்ற மின்கணப்பின் மேல் குழந்தையின் காலுறைகள் விறைத்துக் கிடந்தன.

"வீட்டுல சூடு இருக்கா இல்லையான்னு உன் மகளே சொல்லட்டும்" என்றவன், மெத்தைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த உமுத்தை இழுத்து வந்து, அவள் உள்ளங்கையை அடுப்பின் இரும்பில் வைத்து அழுத்தினான்.

குழந்தை உடனே கத்தவில்லை. முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தது.

ஜிபார் பாய்ந்து பிடுங்கியபோது கை வந்தது, தோல் இரும்பிலேயே ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா? இரும்புல இருக்கிற சூடு சுவத்துல இல்ல." மிச்சமிருந்த வோட்காவைக் குடித்துவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே மெத்தையில் சாய்ந்தான். "மூடு. நான் எழுந்து பாக்கறப்போ அது திறந்திருந்துச்சுன்னா, அவளுக்கு இன்னொரு கை இருக்கு."

கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

ஜிபார் தனக்குள் தேடிப் பார்த்தாள். வெறுப்பு இருக்கும் என்று நினைத்திருந்தாள். பெருக்கி வைத்த அறை மாதிரி இருந்தது உள்ளே.

ஒவ்வொரு பனிக்காலமும் இதையேதான் சொன்னான். ஒவ்வொரு முறையும் அவன் கண்முன்னால் தகட்டை மூடுவாள். அவன் தூங்கியதும் சத்தமில்லாமல் திறந்துவிடுவாள். வீடு ஆறிப்போனதற்குக் காலையில் அடி வாங்குவாள். இத்தனை வருட அடியும் அவன் உயிரோடு எழுந்து அடிப்பதற்காக வாங்கியது. அது இன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

"சரி" என்றாள், தூங்குகிறவனிடம்.

தகட்டைத் தள்ளினாள். இரும்பு இரும்பில் உரசி நின்றது. அடுப்பின் கதவிடுக்கில் நீலம் ஆடிக்கொண்டிருந்தது. சன்னல் இடுக்குகளில் பஞ்சு திணித்துக் காகிதம் ஒட்டியவள் அவள்தான், இலையுதிர் காலத்தில், குழந்தைக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று.

மகளைக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

வெளியே வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கொட்டகை வாசலில் மாமியார் புரூல், உறைந்துபோன வறட்டிகளைக் கோடரியால் பிளந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கூடாரத்தின் கம்பளிகள் சுருட்டிக் கிடந்தன. கோடையில் மலை மேய்ச்சலுக்கு ஏறும்போதுதான் அவற்றை எடுப்பார்கள். பனிக்காலத்தில் ஒரே ஒரு முறை எடுத்தார்கள்: போன வருடம் மாமனார் இறந்தபோது, வழக்கப்படி முற்றத்தில் கூடாரம் எழுப்பி அவரை உள்ளே கிடத்துவதற்கு.

மருமகளின் வீங்கிய காதைப் புரூல் எப்போதும்போல் பார்த்துவிட்டு எப்போதும்போல் கண்ணைத் திருப்பினாள். அப்போதுதான் குழந்தையின் உள்ளங்கை தெரிந்தது.

அதிலிருந்து கண்ணைத் திருப்ப அவளால் முடியவில்லை.

சுத்தமான பனியை அள்ளி வந்து அந்தக் கையில் வைத்தாள். உமுத் விசும்பினாள். புரூல் நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்த்தாள். புகை இல்லை.

"நீலம் அடங்கிடுச்சா?"

"அவர் மூடச் சொன்னார், அத்தை."

புரூல் கோடரியைக் கீழே போட்டுவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

ஜிபார் தடுக்கவில்லை. மகளின் இன்னொரு கையை மட்டும் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

கதவின் முன்னால் மாமியார் வெகுநேரம் நின்றாள். உள்ளே குறட்டை கேட்டது. கை கைப்பிடி வரை போயிற்று. உதடுகள் அசைந்தன, மகனின் பேரோ, பிரார்த்தனையோ.

பிறகு கையை எடுத்தாள்.

வந்த வழியே திரும்பினாள். மருமகளைப் பார்க்காமல் அவளைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனாள். முதல் கம்பளிச் சுருளை முதுகு வளைய வளைய இழுத்து வந்து, பனியின் மேல் விரித்து, குச்சியால் தூசி தட்டத் தொடங்கினாள்.

குழந்தை அழுகையை நிறுத்தியது.

"அம்மா," என்றாள் உமுத், கண்கள் விரிய, "மலைக்குப் போறோமா?"