நரிக் குரலில் ஓர் உத்தரவு

வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறேன், ஆனால் இப்போது இல்லை. முதலில் அந்தப் பூட்டைப் பாருங்கள்.

நரியின் பாய்ப் பட்டறையில் பின்பக்கக் கதவில் தொங்குகிறது. உள்ளே தூக்கணாங்குருவிகள் பாய் நெய்கின்றன. தங்கள் குஞ்சுகளைப் பார்க்கக்கூட நரி அவற்றை வெளியே விடுவதில்லை. சாவி காவல்கார நாயிடம். நான் கூரைமேல் இருக்கும் மைனா. எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசுவேன்.

பாய் வாங்க வந்த யானை முன்வாசலில் நின்று கேட்டது: "குருவிங்க இஷ்டப்பட்டுத்தான் இருக்குதுங்களா?"

"பிடிக்கலைன்னா போகலாம். கதவு எப்பவும் திறந்தேதாங்க கிடக்கும்" என்றது நரி.

சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.

நான் பின்பக்கம் பறந்துபோய் நரியின் குரலில் கத்தினேன்: "டேய், பூட்டைத் திறடா!"

நாய் திறந்தது. குருவிகள் யானையின் தலைக்கு மேலாகக் குஞ்சுகளைத் தேடிப் பறந்தன. நாய் பூட்டைக் கவ்விக்கொண்டு ஓடிவந்து நரியின் காலடியில் போட்டது. "திறந்துட்டேன் முதலாளி!"

நரி அவசரமாகப் பூட்டின்மேல் காலை வைத்து மறைத்தது.

"திறந்தே கிடக்கிற கதவுக்குப் பூட்டு எதுக்கு?" என்றது யானை. "இந்தப் பாய் எனக்கு வேண்டாம். இனிமே எந்தப் பட்டறையா இருந்தாலும், உள்ளே போய் நெய்யறவங்ககிட்ட பேசிட்டுத்தான் வாங்குவேன்."

"சபாஷ்டா!" என்றேன் கூரையிலிருந்து, அதே நரிக் குரலில்.

நாய் வாலாட்டியது. பிறகு நரியின் மூடிய வாயைப் பார்த்தது. மெல்ல அண்ணாந்து கூரையைப் பார்த்தது.

"முதலாளி... அப்போ பேசினது நீங்க இல்லையா?"