கழன்றுபோன கருப்புக் கட்டைகள்

கைலாசநாதனுக்கு வயிறு எரிந்தது. அவருடைய பியானோவின் கருப்புக் கட்டைகளை அள்ளிக்கொண்டு போன தச்சன் மருதையனை ஆளையே காணோம்.

பிரெஞ்சுக்காரர் காலத்து வீடொன்றில் வாங்கிய பழைய பியானோ. வெள்ளைக் கட்டைகள் பளிச்சென்று இருக்க, கருப்பு மட்டும் தேய்ந்த செருப்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கருப்பேற்றி, பாலிஷ் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"பட்டறையில வச்சுத்தாங்க செய்யணும்" என்று மருதையன் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். செல்போனையும் அணைத்துவிட்டான்.

பேரன் பிறந்தநாளுக்குத் தன் கச்சேரி என்று சொந்தபந்தம் பூராவும் சொல்லிவைத்திருந்தார் மனுஷர்.

"அசல் கருங்காலி மரம்டி! கருங்காலி மாலைக்கு இப்ப என்ன கிராக்கி தெரியுமா? இந்நேரம் மணியா உருட்டி வித்திருப்பான்!"

"போனா போகுது, விடுங்க. கண்திருஷ்டி கழிஞ்சுதுன்னு நினைச்சுக்குங்க" என்றாள் மனைவி கமலாம்பாள்.

சனிக்கிழமை திருநள்ளாறு போனவர், சாமியைப் பார்த்ததைவிடப் பக்தர்களின் கழுத்தைப் பார்த்ததுதான் அதிகம். எவன் கழுத்தில் தன் பியானோ தொங்குகிறதோ!

வெளியே வந்தால், கோயில் வாசல் டீக்கடையில் சாவகாசமாகப் போண்டா தின்றுகொண்டிருந்தான் மருதையன். மடியில் துணிப்பை.

"அடப்பாவி!"

சட்டையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, நேராகக் காரைக்கால் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் மதிவதனி பையைப் பிரித்தார். ஒரு கட்டைகூடக் குறையவில்லை. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மினுமினுப்பு.

"பாத்தீங்களா மேடம்? விக்கிறதுக்காகவே பாலிஷ் போட்டிருக்கான்! கேஸ் போடுங்க."

"போட்டுடலாம் சார். ஆனா இதெல்லாம் கோர்ட்டுக்குப் போயிடும். கேஸ் முடிஞ்சாத்தான் திரும்பக் கைக்கு வரும். நல்லா யோசிச்சுக்குங்க."

"எத்தனை வருஷமானாலும் ஆகட்டும். இவனைச் சும்மா விடக் கூடாது!"

புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியேறினார்.

மதிவதனி கதவைச் சாத்தினார். மருதையனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க மேடம், மாட்டிக்கிட்டேன்" என்றான் மருதையன்.

"அட போய்யா! அவர் வாசிக்கிறதைத் தாங்க முடியாம, ஒரு மாசம் இழுத்தடின்னுதானே எங்க தெருவே சேர்ந்து உன்கிட்ட சொன்னோம்? இப்ப கேஸ் முடியிற வரைக்கும் நிம்மதி!"

அன்று சாயங்காலமே மருதையனுக்கு ஜாமீன் கொடுக்க முதல் ஆளாக வந்து நின்றது, கமலாம்பாள்தான்.