மஞ்சள் பந்து

படத்தில் இடுப்பெலும்புக்கு நடுவே ஒரு வட்டம் தெரிந்தது. உள்ளே கறுப்பு, சுற்றிலும் மெல்லிய வெள்ளை விளிம்பு.

கசொண்டேவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எக்ஸ்ரே எடுப்பவள் சிரிக்கக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கட்டி என்றால் உள்ளே காற்று இருக்காது. இத்தனை சுத்தமான வட்டமாகவும் இருக்காது.

ஆனால் சீட்டில் 'கருப்பையில் கட்டி. ந்டோலா பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை' என்று இருந்தது. எழுதியவர் டாக்டர் பெசா. மேசையில் படுத்திருக்கும் பனா சிலேஷேயின் மருமகன். ஊர் வழக்கப்படி மாமியாரை நிமிர்ந்துகூடப் பார்க்கக் கூடாதவர் தொட்டா பார்த்திருப்பார்? மனைவி சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டார். பனா சிலேஷேயோ, வாயைத் திறப்பதைவிட வயிற்றைத் திறப்பதே மேல் என்று இருந்துவிட்டாள்.

கசொண்டே குனிந்து கேட்டாள். "அம்மா, இது பந்துதானே?"

பனா சிலேஷே கண்ணை மூடிக்கொண்டாள். "ஒம்பது பெத்தவ நான், புள்ள. கர்ப்பப்பை எறங்கிருச்சு. பந்தை உள்ள முட்டுக்குடுத்து வெச்சாத்தான் நடக்கவே முடிஞ்சுது. மூணு மாசமா வெளிய எடுக்க வரமாட்டேங்குது. மருமகன்கிட்ட இதை எப்படிச் சொல்லுவேன்?"

பக்கத்து வீட்டுக்காரி. தலையில் தண்ணீர்க் குடத்தோடு மூன்று தெரு நடப்பாள். கல்யாண வீடுகளில் முதல் ஆட்டம் அவளுடையதுதான்.

கசொண்டேவுக்கு எட்டு வயது திரும்பி வந்தது. சுரங்கத்து கிளப்பிலிருந்து அப்பா கொண்டுவந்த மஞ்சள் டென்னிஸ் பந்து. பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கட்டி ஆடிய தெருப்பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். இருட்டும்வரை ஆடினார்கள். ஒரு நாள் காணாமல் போனது. அம்மாவும் கூடவே சோளக்கொல்லை முழுக்கத் தேடினாள், நாயைத் திட்டினாள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

கசொண்டே பேனாவை எடுத்தாள். 'கட்டி இல்லை. பெண்கள் விஷயம். மருத்துவச்சி பார்த்துக்கொள்வார்.'

இதற்கு மேல் மருமகன் கேட்க மாட்டார். கேட்கவும் கூடாது.

"அப்போ என் பந்தைத் திருடினது நீங்கதானா?" என்று வம்புக்கு இழுத்தாள்.

"நான் ஏன் திருடுறேன்? உங்கம்மாதான் குடுத்தா. உங்கப்பா கொண்டாந்தது ரெண்டு. ஒண்ணை ஒன் கண்ணுலயே காட்டாம அவ வெச்சுக்கிட்டா. சௌகரியமா இருக்குன்னு சொல்லித்தான் இதை எனக்குக் குடுத்தா."

அம்மா போய்ப் பதினோரு வருஷம். ஊரையே படம் எடுத்த கசொண்டே, அவளை ஒரு தடவைகூட எடுத்ததில்லை.