பாட்டு முடியுமுன் ஒரு விசில்

அக்குறணையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஊர்கிறது. மணி பழுது, கண்டக்டர் விசிலடித்தால்தான் ட்ரைவர் நிறுத்துவார். இப்போதுதான் செருகிய பென்டிரைவில் ஏதோ பழைய இசை நிகழ்ச்சி, பாட்டோடு சனத்தின் இரைச்சலும் சேர்ந்து வருகிறது. மாலை வெயில் நரைத்த மீசையில் விழ, அழகர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுக்கிறார். மாத்தளையில் மழைக்குக் கதிரையைத் தலையில் கவிழ்த்தபடி பாட்டுக் கேட்டவர் அவர். கம்பளையில் கரண்ட் போன பிறகும் எழும்பாமல் இருந்து கேட்டவர். இந்த நிகழ்ச்சி கண்டியில், கல்யாணத்துக்கு முந்தி அவர் போனது. "இதுல என் விசில் இருக்கு," என்கிறார். மடியில் மரக்கறிப் பையோடு மனைவி பாலாம்பிகை திரும்புகிறாள். "அத்தன பேரு அடிச்சிருப்பாங்க. ஒங்களதுன்னு எப்படிங்க தெரியும்?" "எல்லாரும் பாட்டு முடிஞ்சுதான் அடிச்சாங்க. நடுவுல வயலின் நின்னிச்சு. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு நான் மட்டும் அடிச்சிட்டேன்." பையிலிருந்து கீரைக்கட்டு நழுவுவதைக்கூடக் கவனிக்காமல் அவளும் ஸ்பீக்கரையே பார்க்கிறாள். வயலின் ஏறுகிறது, இழுபடுகிறது, நிற்கிறது. அந்த அமைதிக்குள் ஒற்றை விசில் நீளமாகக் கிளம்புகிறது. ட்ரைவர் சட்டென்று பிரேக் அடிக்கிறார். நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறார்கள். "நான் அடிக்கல்ல!" என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்துகிறார். "யாரு விசிலடிச்ச?" அழகர் தலையைக் குனிந்துகொள்கிறார். பாலாம்பிகை அவர் கையைப் பிடித்து உயரத் தூக்குகிறாள். "இவருதாங்க!"